அக்காவின் அரையிறுதி

வாணிக்கு மகன் பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடியே அவள் எனக்கு ஒரு வேலை வைத்தாள். “மாமா, இப்ப சண்டை நிண்டிருக்கு. பிறகு என்ன நடக்குமோ தெரியாது. போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

வாணி என் அக்காவின் ஒரே மகள். நானும் அவளும் ஜேர்மனியில் ஒரே நகரத்தில், இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். அக்கா இராசமணி துணுக்காய்ப் பக்கம், மருதஞ்சோலை என்ற குடியேற்றக் கிராமத்தில் தனியாக வயல் செய்கிறார். அத்தான் காலமாகிப் பல வருடங்கள். விசா வேலைகளை வாணியின் கணவர் முடித்துவிட்டார். அக்கா கொழும்புக்கு வந்து விமானம் ஏறவேண்டியதுதான் மிச்சம். அவரோ ஒரு முறை நெல் விதைப்பு என்றார், ஒரு முறை மாடு கன்று போடப்போகிறது என்றார். நேரில் ஆள் போய் நின்றால்தான் அசைவார் என்று வாணி முடிவு கட்டினாள். நானும் ஊரைவிட்டு வந்த பிறகு ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. மூன்று கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கொழும்பில் நான் தங்கிய லொட்ஜில் துணுக்காயிலிருந்து வந்த ஒருவரைச் சந்தித்தேன். அக்காவைத் தெரியும் என்றார். “நீங்கள் வரேக்க ஒரு நல்ல உதைபந்து வாங்கி வரச் சொன்னவா” என்றார். அயலில் உள்ள பிள்ளைகளுக்காக்கும் என்று நினைத்து, கடையில் இருந்ததிலேயே நல்லதைத் தேடி வாங்கினேன்.

அந்தப் பந்து வவுனியாச் சோதனைச் சாவடியில் எனக்குப் பெரிய தலையிடியாகிவிட்டது. என் உடுப்புகள், சவர்க்காரம், குழந்தையின் படம் எல்லாவற்றையும் சிப்பாய்கள் அலட்சியமாகப் பார்த்துத் தள்ளினார்கள். பந்தைக் கண்டதும் மூன்று பேர் கூடிவிட்டார்கள். அதில் ஓர் இளம் சிப்பாய் அதை அமுக்கிப் பார்த்தான், காதோடு வைத்துக் குலுக்கினான், பிறகு தன்னை அறியாமலே முழங்காலில் இரண்டு தரம் தட்டினான். அவனுடைய மேலாள் சிங்களத்தில் ஏதோ அதட்டினார். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் மொழிபெயர்த்துச் சொன்னார்: “உள்ளுக்குள்ள என்ன இருக்குதோ, காத்தைத் திறந்துவிட்டுப் பார் எண்டுறான். மற்றவன், ஐயோ சேர், இது நல்ல பந்து, பழுதாகிப் போகும் எண்டுறான்.”

காற்றுப் போனது. பந்து ஒரு பழைய தொப்பியைப் போல மடிந்து என் பைக்குள் திரும்பி வந்தது. அந்த இளம் சிப்பாய் என்னைப் பார்த்துத் தெரிந்த தமிழில், “ஊசி வாங்க, ஊசி” என்றான். காற்றடிக்கிற ஊசியைச் சொல்கிறான் என்று எனக்கு இரு தரப்புக் காவலரண்களுக்கும் இடையிலான சூனியப் பிரதேசத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் விளங்கியது. திரும்பிப் போய் வாங்குகிற இடமா அது.

போராளி இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஒரு பழைய ஒஸ்ரின் கார் கிடைத்தது. காருக்குள் எத்தனை பேர் என்று எண்ண முடியாதபடி ஆட்கள் ஒருவர் மடியில் ஒருவர் இருந்தார்கள். பெற்றோல் தடை. அதனால் அங்கே எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் செய்வதற்கு மட்டும் சாரதி ஒரு சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்து, நோயாளிக்கு ஏற்றுவது போல என்ஜினுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். நான் இருக்கும் நகரத்தில் ட்ராம் ஒரு நிமிடம் பிந்தினால் சனம் மணிக்கூட்டைப் பார்த்து உறுமும். இங்கே கார் நடுக்காட்டில் நின்றதும் எல்லோரும் இதைத்தான் எதிர்பார்த்திருந்தவர்கள் போல இறங்கி, பாலை மரத்து நிழலில் துவாயை விரித்து அமர்ந்தார்கள். சாரதி ஒரு குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

ஓர் அம்மா அவித்த மரவள்ளிக் கிழங்குப் பொட்டலத்தை அவிழ்த்து, கட்டைச் சம்பலோடு எல்லோருக்கும் நீட்டினார். என்னை விசாரித்தார்.

“ஜேர்மனியில மரவள்ளி கிடைக்குமோ?”

“கிடைக்கும். ஐஸில உறைய வைச்சுப் பைக்கற்றில வரும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாவம்” என்று சொல்லி இன்னும் இரண்டு துண்டு வைத்தார்.

மாங்குளத்தில் வேறு வாகனம் மாறி, கடைசித் தூரத்தை ஒருவரின் சைக்கிள் கரியரில் அமர்ந்து கடந்து, மருதஞ்சோலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அக்காவின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வளவில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், “அக்கா கிறவுண்டில” என்றார், கோயிலுக்குப் போயிருக்கிறா என்று சொல்வது போல.

மைதானம் அக்காவின் வளவுக்கு அடுத்த காணிதான். பொடியன்கள் செம்புழுதி பறக்க விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, மெலிந்து நரைத்த ஒரு பெண் நின்றார். “வலப்பக்கம் வெறுமையாக் கிடக்கு! ஆராவது வலப்பக்கம் போங்கோவன்ரா!” என்று அவர் போட்ட சத்தத்தில் வேலியில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அது அக்கா என்று கண்டுபிடித்தேன்.

“அக்கா” என்றேன்.

திரும்பினார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். கண் கலங்கியது. பிறகு என் பையைப் பார்த்தார். “பந்து கொண்டு வந்தனியோ?” என்றார். அதன் பிறகுதான் குடையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார்.

அன்று இரவுச் சாப்பாடு புது நெல்லரிசிப் புட்டும் குளத்து மீன் குழம்பும். அங்கே அதை ஜப்பான் மீன் என்கிறார்கள். ஜப்பானுக்கும் அதற்கும் என்ன உறவோ, பழப்புளி விட்டு வைத்த அந்தக் குழம்புக்கு நான் அடிமையாகிவிட்டேன். அக்கா எனக்குப் போட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னார்.

வாணி வெளிநாடு போன வருடம் அக்கா வேலியோரமாக மிளகாய்த் தோட்டம் போட்டிருந்தார். பந்து ஓயாமல் உள்ளே விழுந்து கன்றுகளை முறித்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்தியோடு போனார். “பந்தை வெட்டிப் போடுறதெண்டுதான் போனனான். போய்ப் பாத்தா, மட்ச் நடக்குது. எங்கட பெடியள் ஏழு கோல் வாங்கிப்போட்டு நிக்கிறாங்கள். ஏழு! வாங்கிப்போட்டும் சிரிக்கிறாங்கள். எனக்கு வந்த கோவத்துக்கு, அங்கையே நிண்டு, ஆர் எங்க நிக்கோணும் எண்டு கத்தத் தொடங்கினன். இன்னும் கத்தி முடியேல்லை.”

கத்தி எங்கே என்று கேட்டேன். அதை மைதானத்தில் புல் வெட்டக் கொடுத்துவிட்டாராம்.

குழந்தையின் படத்தைக் கொடுத்தேன். விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். “நெத்தி வாணியின்ர. வாய் அத்தான்ர” என்றார். இதுதான் நேரம் என்று விசா, விமானம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அக்கா தலையாட்டிக் கேட்டார்.

“வாறன். ஏன் வரமாட்டன்? மட்ச் முடியட்டும்.”

“என்ன மட்ச்?”

“அரையிறுதி. வாற ஞாயிறு, தண்ணீரூற்றில. தோத்தா அடுத்த நாளே வெளிக்கிடுறன். இது சத்தியம்.”

“வெண்டா?”

“வெண்டா ஃபைனல் இருக்கே!” என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இறுதியாட்டம் என் விடுமுறை முடிந்த பிறகு.

மறுநாள் காலை அலுமாரியைத் திறந்து, கூறைச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தார். நகையாக்கும் என்று பார்த்தேன். காற்றடிக்கிற ஊசி. அந்தப் பகுதியிலேயே அது ஒன்றுதானாம். மற்ற விளையாட்டுக் கழகங்கள்கூட வந்து அக்காவிடம்தான் இரவல் வாங்கிப் போகும். பந்து மீண்டும் உருண்டு திரண்டு நின்றது.

மாலையில் என்னை மைதானத்துக்கு இழுத்துப் போய், “என்ர தம்பி. ஜேர்மனியில பெரிய ஸ்ரேடியத்தில வேலை” என்று அறிமுகம் செய்துவைத்தார். பொடியன்கள் வாய் பிளந்தார்கள். கப்டன் பெருமாள் மரியாதையாக முன்னால் வந்தான். மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து குடியேறிய குடும்பம். ட்ராக்டர் ஓட்டுகிறவன். தோள் அகலமான ஆள்.

“அண்ணே கோச்சுங்களா?”

“இல்லைத் தம்பி. மட்ச் முடிய நான் கப் எடுக்கிறனான்.”

“கப்பா! எத்தன கப்புண்ணே எடுத்திருப்பீங்க?”

“ஒவ்வொரு மட்சுக்கும் ஆயிரக்கணக்கில” என்றேன். அவர்கள் முகங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விசயம் விளங்கியது. பியர் குடித்துவிட்டு எறிகிற கப்புகளைக் கூட்டி அள்ளுவதுதான் என் வேலை என்று விளக்கினேன். பிறகு கோல் காப்பாளன் நந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்து சிரித்தான். பெருமாளும் சிரித்தான். நான் அங்கிருந்த மிச்ச நாள் முழுவதும் எனக்குக் கப் அண்ணை என்றுதான் பெயர். அக்கா மட்டும் விடவில்லை. “எண்டாலும் எவ்வளவு மட்ச் பாத்திருப்பாய்!” என்றார். ஆட்டம் நடக்கும்போது நான் நிலக்கீழ் அறையில் வாளிகளோடு இருப்பேன், மேலே சத்தம் மட்டும்தான் கேட்கும் என்று சொன்னேன். அக்கா உண்மையிலேயே கவலைப்பட்டார்.

அடுத்த நாட்களில் வெளியேறும் அனுமதிக்காக அலைந்தேன். அக்காவுக்கு ஒரு கடிதம் வாங்கக் கிராம அலுவலரான விதானையாரிடம் போனபோது அவர் என்னைக் கதிரையில் இருத்திப் பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் தந்தார். “உங்கட கொக்கா வருசா வருசம் இதைத்தான் சொல்லுறவா. இந்த முறை எங்கட வருசம், இந்த முறை எங்கட வருசம். போன முறை முதல் மட்சோட வெளியில போனவை. பயப்பிடாதேங்கோ, திங்கக்கிழமை கூட்டிக்கொண்டு போகலாம்.” அவர் அயல் கிராமத்துக் கழகத்தின் ஆள். கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தபோது அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அக்காவிடம் போய், எந்த நம்பிக்கையில் இந்த முறை என்று கேட்டேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். “தம்பி, ஒவ்வொரு முறையும் பதினொரு பேரோட தொடங்குவம். நடுவில ஒருத்தன் கொழும்புக்குப் போவான். ஒருத்தன் கனடாவுக்கு. ரெண்டு பேர் இயக்கத்துக்குப் போயிடுவாங்கள். கடைசி மட்சுக்கு ஆரையோ பிடிச்சு இறக்கி விளையாடுவம். பிறகென்னெண்டு வெல்லுறது? இந்த முறைதான் முதல் மட்ச் விளையாடின அதே பதினொருத்தர் அரையிறுதிக்கும் இருக்கிறாங்கள். ஒருத்தனும் போகேல்லை.” சுளகை ஒரு தட்டுத் தட்டினார். “ஒருத்தருக்கொருத்தர் கால் பழகிப்போச்சு. அதுதான் சொல்லுறன்.”

வெள்ளிக்கிழமை அக்காவின் நெல்லைச் சூடடித்தார்கள். கழகப் பொடியன்கள்தான் வந்து செய்தார்கள். வைக்கோலை உதறிக்கொண்டு நின்ற பெருமாள் மெதுவாக என் பக்கம் வந்தான்.

“அக்காவக் கூட்டிட்டுப் போகத்தானேண்ணே வந்தீங்க?”

“ஓம்.”

“தோத்தா போயிருவாங்களாம். எல்லாருக்கும் தெரியும்ணே. நந்தன் நேத்து சாப்பிடவே இல்ல.” வைக்கோலை ஒரு பக்கம் எறிந்தான். “பேரப்புள்ளயப் பாக்கப் போறது நல்லதுதாண்ணே. நான் இல்லங்கல. அதுக்காக வேணும்னு தோக்க முடியுங்களா?”

நானும் ஒரு பிடி வைக்கோலை எடுத்து உதறினேன். வேண்டுமென்று தோற்கச் சொல்லித்தான் என் மனம் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடியத் தண்ணீரூற்றுக்குப் புறப்பட்டோம். பெருமாள் ட்ராக்டரை ஓட்டினான். பின்னால் கொழுவிய பெட்டியில் வைக்கோல் பரப்பி, அணி, அக்கா, குடை, புட்டுப் பானை, நான். மாங்குளம் தாண்டி ஒட்டுசுட்டான் வீதியில் காடு இரு பக்கமும் நெருங்கி வந்தது. மந்திகள் கிளையில் குந்தியிருந்து எங்களை வேடிக்கை பார்த்தன. ஒரு பள்ளத்தில் ட்ராக்டர் ஏறி இறங்கியபோது படீரென்று ஒரு சத்தம். பெட்டியின் முன்பக்கம் நிலத்தில் குத்தி நின்றது. நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராக முன்னால் சரிந்தோம். புட்டுப் பானை என் மடியில் வந்து இருந்தது.

எழும்பிப் பார்த்தால் பெட்டியைக் கொழுவும் இரும்பு ஆணி முறிந்திருந்தது. ட்ராக்டர் மட்டும் புகையைக் கக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் சேர்ந்து கத்தினோம். பெருமாள் திரும்பியே பார்க்கவில்லை. வளைவில் மறைந்தும் போனான்.

“இவன் தனியப் போய் மட்ச் விளையாடப்போறானாக்கும்” என்றார் அக்கா.

சிரித்து முடித்த பிறகுதான் நந்தனின் கையைப் பார்த்தோம். விழுந்ததில் இடது கைச் சுண்டுவிரல் வீங்கிக்கொண்டு வந்தது. கோல் காப்பாளனின் விரல். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி, அக்கா பக்கத்து விரலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். விதானையார் சொன்னதுதான் சரி என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

வெகு நேரம் கழித்து ட்ராக்டர் திரும்பி வந்தது. பெருமாள் இறங்கித் தலையைச் சொறிந்தான். “வண்டி இன்னிக்கு ரொம்ப நல்லா ஓடுதேன்னு நெனச்சேங்க. பாட்டுக் கூடப் பாடிக்கிட்டுப் போனேன்.”

முதிரைக் கம்பு ஒன்றை வெட்டிச் சீவி, ஆணிக்குப் பதிலாகச் செருகிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போனோம்.

தண்ணீரூற்றில் எங்களுக்குப் பாடசாலையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எங்களை எதிர்த்து விளையாடப்போகிற கரையோரத்துப் பொடியன்களின் தாய்மார்தான் எங்களுக்கும் சமைத்தார்கள். கணவாய்க் கறியும் சூடை மீன் பொரியலும். பல மாதங்களாகக் குளத்து மீனையே கண்ட எங்கள் அணி கடல் மீனைக் கண்டதும் தலை நிமிரவில்லை. அக்கா அந்தப் பெண்களோடு குசினியில் நின்று சிரித்துக் கதைத்தார். பிறகு வெளியே வந்து பொடியன்களின் காதில் சொன்னார்: “காணும், காணும். நாளைக்கு ஓட ஏலாமப் பண்ணத்தான் இவ்வளவு ருசியாச் சமைச்சிருக்கினம்.”

ஜேர்மனியில் எங்கள் ஸ்ரேடியத்தில் இரண்டு அணிகளின் ரசிகர்களையும் பொலிஸ் வெவ்வேறு வாசலால் கொண்டுபோகும். நடுவில் நாய்களும் நிற்கும்.

ஞாயிறு பிற்பகல் மைதானத்தைச் சுற்றிச் சனம் நெருக்கியடித்து நின்றது. சைக்கிள்களின் மேல் ஏறி நின்றார்கள், மதிலில் இருந்தார்கள். கரையோரத்துப் பொடியன்கள் வலை இழுத்து இறுகிய உடம்புக்காரர்கள். மணலில் ஓடிப் பழகிய கால்களுக்கு அந்தக் கட்டாந்தரை ஒன்றுமே இல்லை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வலப்பக்கத்தால் புகுந்து ஒரு கோல் போட்டார்கள். நந்தன் பாய்ந்தான், பந்து கட்டுப்போட்ட கையில் பட்டு உள்ளே போனது.

சனம் ஆர்ப்பரித்தது. என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி இறங்கியது. திங்கள் புறப்படலாம், புதன் கொழும்பு, அடுத்த கிழமை வாணியின் கையில் அவளுடைய தாய். கணக்குப் போட்டுக்கொண்டே அக்காவைப் பார்த்தேன். அவர் குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பதானே தொடங்கினது” என்றார்.

இடைவேளைக்குப் பொடியன்கள் தலை குனிந்து வந்தார்கள். அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொருவருக்கும் தோடம்பழச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டே போனார். நந்தனிடம் வந்தபோது கட்டை அவிழ்த்து, விரலைப் பார்த்து, மறுபடி கட்டினார். “நோகுதோ?” “ஓமக்கா.” “பந்தைப் பிடிக்க வேண்டாம். தட்டி விடு. மிச்சத்தை மற்றவங்கள் பாப்பாங்கள்.” பெருமாளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன்தான் கேட்டான், “வலப்பக்கந்தானுங்களாக்கா?” அக்கா சிரித்தார். “ஏழு வருசமா வேற என்னத்தைச் சொன்னனான்?”

இரண்டாம் பாதியில் ஏதோ மாறியது. என்னவென்று சொல்ல எனக்கு உதைபந்து தெரியாது. ஒருவன் பந்தைத் தட்டும்போது மற்றவன் ஏற்கெனவே அங்கே நின்றான், அவ்வளவுதான் கண்டேன். கோர்னர் உதை ஒன்று வந்தது. குள்ளமான ஒரு பொடியன் எப்படியோ எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் இடித்தான். ஒன்றுக்கு ஒன்று. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

அதன் பிறகு இரண்டு பக்கமும் மூச்சு வாங்க ஓடினார்கள். நந்தன் பந்தை ஒரு தடவை காலால் தடுத்தான், ஒரு தடவை நெஞ்சால், ஒரு தடவை முகத்தால். முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் வலப்பக்கத்தால் ஓடிப்போய்ப் பந்தைக் குறுக்கே அடித்தான். பெருமாள் கோலுக்கு முன்னால், தன்னை இடித்த ஆளோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றான். பந்து அவனுடைய முழங்காலில் பட்டு, காப்பாளனின் காலுக்கு இடையால் மெதுவாக உருண்டு உள்ளே போனது. மைதானத்தில் அதைக் கடைசியாகக் கண்ட ஆள் பெருமாள்தான்.

மிச்ச நேரத்தில் என்ன நடந்ததென்று எனக்குக் கோர்வையாக நினைவில்லை. கரையோரத்துக்காரர் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது மட்டும் நினைவிருக்கிறது. யாரோ ஒருவன் “அடிச்சு விடு! வெளியில அடிச்சு விடுடா!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். மத்தியஸ்தர் விசில் ஊதி முடித்த பிறகு பேச வாயெடுத்தேன், குரல் வரவில்லை. கத்தியது நான்தான்.

பொடியன்கள் அக்காவைத் தூக்க ஓடி வந்தார்கள். “தொட்டா அடி விழும்” என்று குடையை ஓங்கினார். நந்தன் மட்டும் வந்து அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அக்கா அவன் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை திரும்பி வரும்போது ஒட்டுசுட்டான் வரைக்கும் ஒரே பாட்டு. நானும் குரல் இல்லாத தொண்டையால் சேர்ந்துகொண்டேன். காட்டு வீதி வந்து, பொடியன்கள் ஒவ்வொருவராக வைக்கோலில் தூங்கிய பிறகுதான் எனக்குத் திடீரென்று உறைத்தது: இன்று திங்கட்கிழமை. நாங்கள் வென்றுவிட்டோம்.

“அப்ப நான் தனியத்தான் போறது” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஓம், தம்பி.”

“உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. வாற எண்ணம் இருக்கோ, இல்லையோ?”

ட்ராக்டர் பள்ளங்களில் விழுந்து எழும்பியது.

“வாணியின்ர பிள்ளையைத் தூக்க எனக்கு ஆசையில்லையெண்டு நினைக்கிறியோ? படத்தைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டுதான் படுக்கிறனான். ஃபைனல் முடிய வாறன். பொய் சொல்லேல்லை.” தூங்குகிறவர்களைக் கண்ணால் காட்டினார். “இந்த வருசம் பதினொரு பேரும் இருக்கிறாங்கள். அடுத்த வருசம் இருப்பாங்களோ எண்டு ஆருக்குத் தெரியும்? இருக்கேக்க நான் பாக்கோணும்.”

அனுமதிக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை அக்காவிடமே கொடுத்து, ஃபைனல் முடிந்த அன்றே வெளிக்கிட வேண்டும் என்று சொன்னேன். “அடுத்த நாள்” என்றார் அக்கா. “அண்டைக்குக் கப்போட ஊர் சுத்த வேணும்.”

விடுமுறையில் மிஞ்சிய நாட்களை அங்கேயே கழித்தேன். காலையில் வயல், பிற்பகல் குளத்தில் குளிப்பு, மாலையில் மைதானம். எருமைத் தயிரும் தேனும் சாப்பிட்டு என் இடுப்புப் பட்டியில் ஒரு துளை தள்ளிப்போனது. விதானையார் என்னைக் கண்டால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பினார். புறப்படும் அன்று அக்கா வாணிக்கு எள்ளுருண்டையும் குழந்தைக்கு வசம்பும் கட்டித் தந்தார். பெருமாள் ட்ராக்டரில் மாங்குளம் வரை கொண்டுவந்து விட்டான். பெட்டி பின்னால் வருகிறதா என்று இப்போது அடிக்கடி திரும்பிப் பார்த்து ஓட்டினான்.

வவுனியாவுக்கு வந்ததும் ஒரு கொமினிகேசன் கடைக்குப் போய் ஜேர்மனிக்குத் தொலைபேசி எடுத்தேன். வழியெல்லாம் வாணியிடம் எப்படிச் சொல்வது என்று வசனங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். பச்சைப் பிள்ளையோடு அல்லாடுகிறாள். தாயைக் கூட்டி வருவேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் “ஹலோ” என்றதும் பின்னால் குழந்தை அழுவதும் கேட்டது. அடுக்கிய வசனம் எல்லாம் போய்விட்டது.

“மாமா! அம்மா பக்கத்திலயோ? குடுங்கோ.”

“இல்லை வாணி. அம்மா இப்ப வரேல்லை.”

குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது.

“ஏனாம்?” என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது.

“வந்து... அரையிறுதி வெண்டிட்டம்.”

கடல் கடந்து வருகிற அந்த இரைச்சல் மட்டும். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறாள் போலும், என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“எத்தினைக்கு எத்தினை?” என்றாள்.

“ரெண்டுக்கு ஒண்டு.”

“ஐயோ! எங்கட பெடியளோ? உண்மையாவோ மாமா?” அவள் குழந்தையைத் தூக்கிக்கொள்வது கேட்டது. அழுகை அடங்கியது. “ஆர் அடிச்சது? முதலில இருந்து சொல்லுங்கோ.”

நான் ஸ்ரூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர்கள் எங்களுக்குப் போட்ட அந்த முதல் கோலிலிருந்து தொடங்கினேன்.